பல்லக்காவும் பன்னிரண்டு தந்திகளும்

என் அக்காவைத் தெருவில் எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லக்கில் ஏறிப் போன வம்சம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பல் செட் செய்கிற லேபில் வேலை. அதனால் பல் அக்கா. சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டு பல்லக்கா ஆகிவிட்டாள். யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். நான் விரும்பிய பெண்ணை முதன்முதலில் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பல்லுக் கடி நல்லா இருக்குடா, கட்டிக்கோ" என்று சம்மதம் சொன்னவள் அவள்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். துணி மில்லில் குறை பார்க்கிற வேலையில் இருந்தவர். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்ட இடம், முடிச்சு, எண்ணெய்க் கறை என்று எது கண்ணில் பட்டாலும் நிறுத்தி, சாக்பீஸால் ஒரு வட்டம் போட வேண்டும். ஓய்வு பெற்றபோது வேலை போனதே தவிர குணம் போகவில்லை. காலண்டர் சாய்ந்திருக்கிறது, கதவு கீச்சிடுகிறது, இரண்டு அறை தள்ளிக் குழாய் சொட்டுகிறது என்று இப்போது வீட்டையே மேஜையில் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். சாக்பீஸ் மட்டும்தான் கையில் இல்லை. அக்காவும் ஒரு கட்டத்துக்கு மேல் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். அதே கட்டடத்தில் அவர்களுக்கு நேர் கீழ்வீடு எங்களுடையது. மேலேயிருந்து கேட்பதெல்லாம் மாமாவின் ஒற்றைக் குரலாகத்தான் இருக்கும்.

அப்படியிருந்த வீட்டுக்குள், செருப்பு ஸ்டாண்டு வாங்கப் போன அக்கா கிடாரோடு வந்து நின்றாள்.

பழைய சாமான் கடையில் செருப்பு ஸ்டாண்டு இருக்கத்தான் இருந்தது. கடைக்காரர் அதை அடுக்கின் அடியிலிருந்து உருவி எடுப்பதற்குள், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கிடாரின் தந்திகளை அக்கா சும்மா கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்திருக்கிறாள். லேபில் நாள் முழுக்கப் பாலிஷ் மோட்டாரின் இரைச்சலில் உட்கார்ந்து பழகிய காது அது. நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தது போலக் கடை நிறையச் சத்தம் எழுந்ததாம். கையை எடுத்த பிறகும் அது நிற்கவில்லையாம். அக்கா அசையாமல் நின்றுவிட்டாள்.

இளகின இரும்பைக் கண்ட கடைக்காரர் சும்மா இருப்பாரா?

"மத்த கிடார்ல எல்லாம் ஆறு கம்பிதாம்மா. இதுல பன்னெண்டு. எண்ணிப் பாத்துக்கோங்க."

"விலை?"

"அதே விலைதாம்மா. பழசுதானே."

அக்கா எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு இருந்தது. அதே விலைக்கு இரண்டு மடங்கு சரக்கு கிடைத்தால் விட்டுவிட்டு வருகிற ரத்தம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஜோடி ஜோடியாக நிற்கும் அந்தப் பன்னிரண்டையும் சுருதி சேர்த்தாக வேண்டும் என்பதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் தேன் நிறமும் ஓரத்தில் கரி நிறமுமாகப் பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தில் கம்பெனிப் பெயர் அழிந்து, மாடல் நம்பர் மட்டும் பாக்கி.

"முழு மரம்னு சொன்னானா? ஓட்டையோரம் பாரு, அடுக்கு அடுக்காத் தெரியுது. ப்ளைவுட். கழுத்து லேசா வளைஞ்சிருக்கு. இந்தத் திருகாணிப் பட்டன்ல ஒண்ணு வேற நிறம்." இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியாகக் கேட்டார்: "செருப்பு ஸ்டாண்டு எங்க?"

அக்கா செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு எங்கள் வீட்டுக்கு மேலே தொடங்கியதை இசை என்று சொன்னால் என் வாய் கூசும். போனில் யாரோ சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து அக்கா திருகாணிகளைத் திருகுவாள். தடித்த தந்தியைச் சேர்த்துவிட்டு அதன் ஜோடியான மெல்லிய தந்திக்கு வருவதற்குள் முதல் தந்தி இறங்கியிருக்கும். கடைசி ஜோடிக்கு வந்து சேரும்போது முதல் ஜோடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கும். லேபிலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரம் வரைக்கும் சுருதி சேர்ப்பாள். அதற்குள் வாசிக்கிற ஆசையே அடங்கிப் போய்விடும். விரல் நுனிகள் வேறு கன்றிச் சிவந்து, லேபில் மெழுகைத் தொட்டால் சூடா ஆறிவிட்டதா என்று தெரியாத நிலைமை.

"கிடார் வாங்கினியா, திருகாணி வாங்கினியா?" என்று நான் கேட்டேன்.

"நீ கீழ போய் உன் வேலையப் பாருடா."

ஒருநாள் சாயங்காலம் நான் மேலே இருந்தபோதுதான் அது நடந்தது. மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு ஜோடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே மாமா சொன்னார்:

"ரெண்டாவது கொஞ்சம் கம்மியா இருக்கு."

அக்கா திருகினாள்.

"இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து, தாண்டிட்ட. கீழ வா. அங்கதான்... ஆங், அப்படியே விடு."

அக்கா இரண்டையும் சேர்த்து மீட்டினாள். இரண்டு தந்திகள் என்பதே தெரியவில்லை. ஒரே சத்தம், ஓரத்தில் மட்டும் லேசாக மினுமினுத்தது. அக்கா மாமாவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அவரை அப்படிப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

"உங்களுக்குப் பாட்டு தெரியுமா?"

"பாட்டெல்லாம் யாருக்குத் தெரியும்? தப்பு தெரியும்."

அவர் சொன்னது சத்தியமான உண்மை. குளியலறையில்கூட ஒரு வரி பாட மாட்டார். ராகம் தாளம் எதுவும் தெரியாது. ஆனால் இரண்டு சத்தங்களுக்கு நடுவே ஒரு மயிரிழை விலகியிருந்தால், அது அவர் காதில் துணியில் விழுந்த முடிச்சு மாதிரி உறுத்தும். ஓய்வு பெற்ற பிறகு வேலையில்லாமல் அலைந்துகொண்டிருந்த அவருடைய குறை சொல்லும் குணத்துக்கு அன்றைக்கு மறுபடியும் வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து தினமும் இதேதான். அவள் திருகுவாள், அவர் குறை சொல்வார். மேலேயிருந்து இப்போது இரண்டு குரல்கள் கேட்டன. "ஏத்து", "ஏத்தியாச்சு", "எங்க ஏத்துன?", "கையில வலி இருக்குங்க, மெதுவாத்தான் ஏத்த முடியும்", "சரி சரி, மெதுவாவே ஏத்து." சுருதி சேர்ந்ததும் அக்கா கற்றுக்கொண்ட ஒரே மெட்டை வாசிப்பாள். வார்த்தையில்லாத, மெதுவான ஒரு மெட்டு. விரல்களை மாற்றி மாற்றி வைக்கிற நாலு பிடிகளுக்குள் முடிந்துவிடும். அது முடிந்ததும் மாமா, "கேக்கலாம்" என்பார். மில்லில் குறையே இல்லாத துணிக்கும் அவர் அதற்கு மேல் சொன்னதில்லை.

நடுவில் கிடார் ஒருமுறை கழன்றுகொண்டது. பன்னிரண்டு தந்திகளும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு சாமானியமில்லை. வயிற்றில் தந்திகளைப் பிடித்து வைத்திருக்கும் மரக்கட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தலை தூக்கி, ஒரு மத்தியானம் யாருமே தொடாதபோது படாரென்று பெயர்ந்தது. கீழே இருந்த நான் அலமாரிதான் விழுந்துவிட்டது என்று ஓடினேன்.

"செத்துப் போச்சு. குப்பைக்காரர் வருவாரு, குடுத்துடு," என்றார் மாமா. முகத்தைப் பார்த்தால் குடுக்கிற முகமாக இல்லை.

அக்கா அதைத் துணியில் சுற்றி லேபுக்கு எடுத்துப் போனாள். அங்கே பசைக்கா பஞ்சம், இறுக்கிப் பிடிக்கும் பிடிகளுக்கா பஞ்சம்? கட்டையை ஒட்டி, இரவெல்லாம் பிடியில் இறுக்கி வைத்தாள். கட்டை மேல் தந்திகளைத் தாங்கி நின்று, பெயர்ந்தபோது உடைந்துபோயிருந்த வெள்ளைப் பட்டிக்குப் பதில், பல் செட்டில் ஈறுக்கு ஊற்றுகிற பொருளிலேயே புதிதாக ஒன்று வார்த்தாள். தந்திகள் உட்காரும் உயரத்தையும், கடி உயரமாக இருக்கிற பல் செட்டை ராவுவது மாதிரியே ராவித் தணித்தாள். இனிமேல் இழுப்புக் குறையட்டும் என்று எல்லாத் தந்திகளையும் வழக்கமான சுருதியைவிட ஒரு படி கீழே வைத்துக்கொண்டாள். கிடார் உயிரோடு திரும்பியது. நடுவயிற்றில் இளஞ்சிவப்பாக ஒரு ஈறு.

"சிரிக்குது பாரு," என்றேன்.

"இதுக்கும் ராத்திரி தண்ணியில போட்டு வைக்கணுமா?" என்று மாமா கேட்டார். அக்கா சிரித்தாள். எனக்கு நினைவு தெரிந்து அவர் சொன்ன ஜோக்குக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் ஜோக் சொன்னதே அதுதான் முதல் தடவை என்பதும் உண்மைதான்.

சிக்கல் வந்தது என் மகளால். பாவம், நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். அத்தையின் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு, கிடாரின் தலையில் மாட்டுகிற சின்ன கிளிப் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். தந்தியை மீட்டினால் அதில் விளக்கு எரியும். சரியாக இருந்தால் பச்சை, ஏறியோ இறங்கியோ இருந்தால் சிவப்பு.

முதலில் மாமாவும் கிளிப்பும் ஒத்துப்போனார்கள். மாமா "போதும்" என்று சொல்லும்போது பச்சை எரியும். "இது எதுக்கு தண்டத்துக்கு?" என்று கேட்டு, ஒவ்வொரு பச்சைக்கும் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொள்வார். ஆனால் சில வாரங்களில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. மெல்லிய தந்திகளுக்கு வரும்போது பச்சை எரிந்த பிறகும் மாமா, "இன்னும் ஏத்து, மினுமினுப்பே இல்ல" என்பார். ஏற்றினால் சிவப்பு எரியும்.

"இது சிவப்பு காட்டுதேங்க."

"பேட்டரி தீந்துபோயிருக்கும்."

"போன வாரம்தான் மாத்தினேன்."

"அப்ப மெஷினே தப்பு. ஏத்துன்னா ஏத்து."

ஏற்றுவாள். மெல்லியதிலும் மெல்லிய தந்தி ஒன்று பட்டென்று அறுந்து அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போகும். புதுத் தந்தி போடுவாள். அதுவும் அறும். கூடவே மாமாவுக்கு இன்னொரு குறையும் சேர்ந்திருந்தது. உலகத்தில் எல்லோரும் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்களாம். "வாயத் தொறந்து பேசுறதுக்கு என்ன?" என்று என்னைக்கூட ஒருநாள் அதட்டினார். நான் அப்போது கத்திக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில் அக்காவின் லேப் புது இடத்துக்கு மாறியது. திறப்பு நாளில் வேலை செய்கிறவர்களே ஏதாவது செய்து காட்டட்டும் என்று முதலாளியம்மா சொல்ல, பல் செட்டுகளுக்குப் பாலிஷ் போடுகிற பாலிஷ்காரர், "நம்ம பல்லக்கா கிடார் வாசிப்பாங்களே" என்று போட்டுக்கொடுத்துவிட்டார். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே புதுத் தந்திகள் வாங்கினாள்.

அன்றைக்கு நாங்கள் எல்லோருமே போனோம். புது லேபில் பெயின்ட் வாசனை போகவில்லை. மேஜை ஓரமாகப் பல் அச்செடுத்த பிளாஸ்டர் வாய்கள் வரிசையாகத் திறந்து காத்திருந்தன. பின்னறையில் அக்காவும் மாமாவும் சுருதி சேர்த்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா காதைக் கிடாரோடு ஒட்டிவைத்து, "ஏத்து... ஏத்து... இப்ப சரி" என்றார். கிளிப்பில் ரத்தச் சிவப்பு. அக்கா அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கழற்றிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

வாசித்தாள். பிடிகள் எல்லாம் சுத்தமாக விழுந்தன. ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் தடித்தது ஒரு பக்கமும் மெல்லியது ஒரு பக்கமுமாக இழுத்தன. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கதையை வேறு வேறு விதமாகச் சொல்வது மாதிரி இருந்தது. பல் செட் செய்கிற இடத்தில் உட்கார்ந்து எனக்குப் பல் கூசியது. மகள் என் கையைக் கிள்ளினாள். மாமா மட்டும் முன்வரிசையில் கண்ணை மூடி, "கேக்கலாம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில், அக்கா காய் வாங்கப் போயிருந்த நேரம், மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கால் சில்லிட்டது. குனிந்து பார்த்தால் அவருடைய செருப்பு மிதந்துகொண்டிருந்தது. குளியலறைக் குழாயை யாரோ சரியாக மூடாமல் விட்டு, வாளி நிரம்பி, தண்ணீர் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மாமா திறந்திருந்த குழாயின் முன்னால் கணுக்கால் தண்ணீரில் குத்துக்கல்லாக நின்றிருந்தார்.

"இது கொட்டுற சத்தம் உனக்குக் கேக்குதா?" என்று என்னைக் கேட்டார்.

"கீழ எங்க வீட்டுக்கே கேட்டுச்சே மாமா. அதான் வந்தேன்."

அவர் குழாயை மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார். சட்டையை மாட்டிக்கொண்டு தனியாகவே காது டாக்டரிடம் போய்விட்டார்.

டாக்டர் இரண்டு காதிலிருந்தும் எடுத்த அழுக்கை ஒரு தட்டில் வைத்துக் காட்டினாராம். "பட்டாணி இருக்கும், ஒவ்வொண்ணும்" என்று பிறகு மாமாவே விரலால் அளவு காட்டிச் சொன்னார். அதிலும் ஒரு குறை கண்டுபிடித்திருந்தார்: "எதுல எது எந்தக் காதுன்னு எழுதி வைக்கல."

டாக்டர் வீட்டிலிருந்து வருகிற வழியெல்லாம் உலகம் இரைந்ததாம். வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கிடாரிடம் போய், கையால் ஒரு இழுப்பு இழுத்தார். திறப்பு நாளுக்குப் பிறகு அக்கா அதைத் தொடவில்லை. போட்டது போட்டபடி இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மாமா சுட்டுக்கொண்டவர் போலக் கையை உதறினார்.

"இத வச்சா அன்னைக்கு வாசிச்ச?"

அக்கா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ம்."

"இப்படியேவா?"

"இப்படியேதான்."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"அந்த மெஷின் அவ்வளவு சிவப்பு காட்டுது, தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சும் ஏன் வாசிச்ச?"

"நீங்க சரின்னு சொன்னீங்களே," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, காயைத் தட்டோடு எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

மாமா வெகுநேரம் கிடார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆயுள் முழுக்க அடுத்தவர் குறைக்கு வட்டம் போட்ட மனிதர். தன்னைச் சுற்றி ஒன்று போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது அன்றைக்குத்தான். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிட்டார். மறுநாள் அக்காவோடு லேபுக்கே கிளம்பிவிட்டார். "எல்லார் முன்னாடியும் உன் பேரு கெட்டுச்சு. எல்லார் முன்னாடியும் நான்தான் சொல்லணும்." கிடாரும் கூடவே போனது. வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் நிற்க வைத்து மாமா பேசினார்.

"அன்னைக்கு கிடார் சரியா இல்லாததுக்கு இவ காரணமில்ல. தப்பு என்னோடது. எனக்குக் காது அடைச்சிருந்துது."

பாலிஷ்காரர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா பாலிஷ்காரரைப் பார்த்தார்.

"என்ன சார் தப்பு? நல்லாத்தானே இருந்துச்சு?"

"எது நல்லா இருந்துச்சு? ஒவ்வொரு ஜோடியும் ஒவ்வொரு பக்கமா இழுத்துதே?"

"அப்படியா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார் முதலாளியம்மா. "என் தங்கச்சிகூட ரொம்ப நல்லா இருந்துதுன்னு சொன்னா."

மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தன் தப்பை ஒப்புக்கொள்ள வந்தால், அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இல்லை. "நீ வாசிம்மா," என்றார் அக்காவிடம். "இவங்களுக்கு வித்தியாசம் தெரியட்டும்."

அங்கேயே, பிளாஸ்டர் வாய்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சுருதி சேர்த்தார்கள். இந்தத் தடவை மாமா "போதும்" என்ற ஒவ்வொரு இடத்திலும் கிளிப்பில் பச்சை எரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா வாசித்தாள். அதே நாலு பிடிதான். தடித்த தந்திகளின் மேல் மெல்லிய தந்திகள் ஒளி மாதிரி ஊர்ந்தன. அந்தப் பழைய ப்ளைவுட் பெட்டிக்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கேலி செய்யலாம் என்று வந்தவன் இன்னும் ஓர் அடி நெருங்கிப் போய் நின்றேன். கடைசி மீட்டல் அடங்கும்வரை மாமா மூச்சு விடவில்லை.

"எப்படி?" என்றார், எல்லோரையும் பார்த்து.

பாலிஷ்காரர் நேர்மையான மனிதர். யோசித்துத்தான் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அன்னைக்கு இருந்த அந்த ஒரு இது... அது இதுல இல்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மடியில் கிடாரை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாளோ என்று முன் சீட்டு அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். இறங்குகிற நிறுத்தம் வந்தபோது மாமா எழுந்து, கிடாரை அவள் மடியிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பாத்து எறங்கு," என்றார். "படி உயரம்."